ஆமென் சொல்லக்கூடிய வாக்கியம்

மன்றாட்டு எழுதுவதைக் கைவேலை என்று சொன்னால் சிலருக்குப் பிடிப்பதில்லை. ஜெபம் ஆவியானவர் தருவது, அதைத் தாளில் எழுதி வைத்து வாசிக்கலாமா என்பார்கள். எழுதாமல் ஜெபிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. தனியறையில் நானும் எழுதுவதில்லை. ஆனால் பல சபைகளிலிருந்து வந்து ஒரே கூரையின் கீழ் நிற்பவர்களுக்காக ஒருவர் வாய் திறக்கும்போது அந்த வாய் எல்லாருக்கும் பொது. கத்தோலிக்க ஆச்சியும் மெதடிஸ்த வாத்தியாரும் பெந்தெகொஸ்தே இளைஞனும் அவர் முடிக்கும் இடத்தில் ஆமென் போட வேண்டும், அதுவும் மனமறிந்து போட வேண்டும். அப்படிப்பட்ட வாக்கியத்தை வீட்டிலிருந்தே செதுக்கிக்கொண்டு போவதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

நான் மெதடிஸ்தன். குருப்பட்டம் இல்லாத பிரசங்கியார். செங்கலடிச் சந்தியில் பதுளை வீதி வந்து திருகோணமலை வீதியில் ஏறுகிறது அல்லவா, அந்தச் சுற்றுவட்டாரத்தில் பொது ஜெபம் என்றால் மன்றாட்டு எழுதும் வேலை பெரும்பாலும் என் தலையில் விழும். ஜனவரியில் ஒன்றிப்புக்கான வாரம், பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமைகள், வெள்ளம் வந்த மார்கழி, இவை ஒருபுறம். உண்மையான பரீட்சை செத்த வீடுகளில்தான். எங்கள் பக்கத்தில் ஒரே குடும்பத்துக்குள் தகப்பன் கோயில் வண்ணக்கராக இருப்பார். தாய் ஆயித்தியமலை மாதாவுக்கு நேர்த்தி வைத்திருப்பார். மூத்த மகள் மெதடிஸ்தில் கலியாணம் முடித்திருப்பாள், கடைசி மகன் சுனாமிக்குப் பிறகு தொடங்கிய ஒரு சபையில் கிட்டார் அடிப்பான். பிரேதம் நடுவீட்டில் இருக்க, இவர்கள் எல்லாரும் சுற்றி நிற்பார்கள். யாராவது ஜெபிக்க வேண்டும்.

முதல் பிரச்சினை வேதசாத்திரத்தில் வருவதில்லை, சத்தத்தில் வரும். கத்தோலிக்கர் மன்றாட்டைத் துண்டு துண்டாகக் கேட்டுப் பழகியவர்கள். வாசிப்பவர் ஒரு கருத்தைச் சொல்லி நிறுத்தினால் பதிலுரை தானாக எழும்; நிறுத்தாமல் போனால் எங்கே சேர்வது என்று தெரியாமல் தவிப்பார்கள். மெதடிஸ்தர் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை மூச்சுக் காட்ட மாட்டார்கள், ஜெபம் நீண்டால் நித்திரை கொள்வதும் உண்டு. பெந்தெகொஸ்தே சபையாருக்கு அமைதி ஆகாது. வசனம் பாதி போவதற்குள் ஸ்தோத்திரம் என்று ஒரு குரல், அதற்கு மேல் இன்னொரு குரல். ஒருவர் ஜெபிக்க மற்றவர்கள் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது அவர்களுக்கு ஜெபமாகவே படாது.

இதற்கு நான் கண்ட வழி வாக்கியத்தை ஒரு மூச்சுக்குள் முடிப்பது. இணைப்புச் சொற்களை வெட்டிவிடுவேன். ஐந்து கருத்துகளுக்கு மேல் போக மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் பின் ஓர் இடைவெளி விட்டு, அதை எதனால் நிரப்புவது என்பதை வந்தவர்களிடமே விட்டுவிடுவேன். முதல் இரண்டு இடைவெளிகளில் சத்தம் மூன்றாகப் பிரிந்து கிடக்கும். பெரிய சத்தக்காரர் சின்னச் சத்தக்காரரைத் திரும்பிப் பார்ப்பார். பொறுக்க வேண்டும். மூன்றாவது, நான்காவது கருத்துக்குள் உரத்த குரல்கள் சற்றுத் தணியும், எங்கள் மெதடிஸ்தரின் உதடுகள் அசையத் தொடங்கும், கத்தோலிக்கர் தங்கள் பதிலுரையை இழுக்காமல் சொல்லிவிட்டு மற்றவர்களுக்காகக் காத்திருப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் இது நடக்கும். அதற்கு அவசரப்படாத ஒருவர் முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

விசித்திரம், எல்லாருக்கும் மனப்பாடமான கர்த்தருடைய ஜெபத்தில்தான் கூட்டம் குழம்பும். ஒவ்வொருவரும் தங்கள் சபையின் சொல்லில் போய், நடுவில் முட்டி, கடைசியில் ஆளுக்கொரு நேரத்தில் இறங்குவார்கள். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் 1995-இல் தமிழ்நாட்டில் வெளிவந்துவிட்டது. வாய்ப்பழக்கத்தை அதனால் அசைக்க முடியவில்லை. ஒரே பாடத்தை அச்சடித்துக் கையில் கொடுத்தால் தாளைப் பிடித்துக்கொண்டு பழையபடியே சொல்வார்கள். இப்போது நான் அதில் தலையிடுவதில்லை.

அடுத்தது குத்தல். ஜெபத்துக்குள் குத்தல் வைப்பதைப் போல இலகுவான காரியம் உலகத்தில் இல்லை. சத்தியத்தை அறியாதவர்களின் கண்களைத் திறந்தருளும் ஆண்டவரே என்று ஒருவர் கேட்கிறார். வார்த்தையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் முன்வரிசையில் பங்குத்தந்தை இருக்கிறார், கேட்டவர் புதுச் சபையின் பாஸ்டர். அது கல்லெறிதான். பிரிந்துபோன சகோதரர்கள் தாய் வீட்டுக்குத் திரும்பி வர அருள் தாரும் என்றால், எறிகிற கை மாறியிருக்கிறது, கல் அதேதான். எங்கள் மெதடிஸ்தரின் கல் இன்னும் நாகரிகமானது: எல்லாரும் அறிவுத்தெளிவோடு விசுவசிக்க என்று மன்றாடுவோம். யாருக்கு அறிவு இல்லை என்பது கேட்பவருக்கு விளங்கும். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற அடிக்குத் திருப்பி அடிக்கவும் முடியாது. ஆமென் சொல்ல மனமில்லாமல் நிற்பதுதான் ஒரே வழி.

ஒன்றிப்பு வாரத்தின் சரித்திரத்திலேயே இந்தக் கல் கிடக்கிறது. ஜனவரி 18 முதல் 25 வரையான அந்த எட்டு நாள் ஜெபத்தை 1908-இல் அமெரிக்காவில் தொடங்கியவர் பவுல் வாட்சன். அப்போது ஆங்கிலிக்கன் குரு, அடுத்த வருடமே கத்தோலிக்கத்தில் சேர்ந்தவர். பிரிந்தவர்கள் ரோமாபுரியோடு மீண்டும் சேர வேண்டும் என்பதே அந்த ஜெபத்தின் கருத்தாக இருந்தது. ஒரு மெதடிஸ்தன் அதற்கு எப்படி ஆமென் போடுவான்? 1930-களில் பிரான்ஸின் லியோன் நகரத்துக் கத்தோலிக்கக் குரு பவுல் கூத்துரியே அந்த வாக்கியத்தை மாற்றினார். கிறிஸ்து விரும்புகிற ஒற்றுமை, கிறிஸ்து விரும்புகிற வழியில் வரட்டும் என்று கேட்போம் என்றார். தன் சபைதான் சரி என்ற நம்பிக்கையை அவர் விட்டுவிடவில்லை. அடுத்தவனுக்கு வழி சொல்லும் வேலையை மட்டும் கடவுளிடம் திருப்பிக் கொடுத்தார். அந்த வாரம் இன்று உலகம் முழுக்க நடப்பதற்கு அந்தத் திருத்தம் ஒரு பெரிய காரணம். மன்றாட்டு எழுதுகிறவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

நாங்கள் எறிந்துகொள்ளும் கற்களும் இங்கே விளைந்தவை அல்ல. புளியந்தீவில் 1628-இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1638-இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள்; ஐரோப்பாவில் மூண்ட கத்தோலிக்க, சீர்திருத்தச் சண்டை மட்டக்களப்புக்குப் பீரங்கியோடு வந்து இறங்கிற்று. 1814-இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி வந்தார். ஒரு வருடம் முடியும் முன்னமே, 1815-இல், இங்கேயே மரித்தார். அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றும் மட்டக்களப்பில் நடக்கிறது. அவருடைய சபைக்கும் ஆங்கிலிக்கன் சபைக்கும் இடையிலான பிரிவு இங்கிலாந்தில் நடந்த கதை. எங்கள் வாவிக்கரையில் அதற்கு என்ன வேலை? இதையேதான் 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய பேராயர் அசரியா முதலான இந்தியத் திருச்சபைத் தலைவர்கள் பகிரங்கமாகச் சொன்னார்கள்: இந்தப் பிரிவினைகளை உண்டாக்கியவர்கள் நாங்கள் அல்ல, எங்கள் மேல் ஏற்றப்பட்டவை. அந்தக் கூட்டத்திலிருந்து நீண்ட பாதை 1947 செப்டெம்பர் 27-இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது, யாழ்ப்பாணமும் அதில் ஒரு பேராயமாயிற்று. இலங்கையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்த சபைகள் முதலானவற்றை ஒன்றாக்கும் திட்டம் 1972-இல் வாசல்படி வரை வந்து, நீதிமன்ற வழக்கில் நின்றுபோயிற்று. அதைப் பற்றி எங்கள் மூத்தவர்கள் பேசும்போது தவறிய கலியாணத்தைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். யார் குற்றம் என்று தோண்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. யாப்பும் சொத்தும் சேரும் ஒற்றுமை வந்தால் நல்லது. வரும்வரைக்கும் செத்த வீடுகள் காத்திருக்காது.

செத்த வீட்டைவிடக் கடினமான வீடு ஒன்று எங்கள் பகுதியில் உண்டு.

இறந்தவர்களுக்காக ஜெபிக்கலாமா என்பது சபைகளுக்குள் மிகப் பழைய வழக்கு. கத்தோலிக்கர் ஜெபிப்பார்கள், நவம்பர் மாதத்தையே அதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நாங்கள் மரித்தவரைக் கர்த்தரிடம் ஒப்படைத்துவிட்டு மிஞ்சியிருப்பவர்களுக்காக ஜெபிப்போம். புதுச் சபைகள் இதில் எங்களைவிடக் கண்டிப்பு. பொது ஜெபத்தில் இந்த இடம் வந்தால் எல்லாரும் ஒரு அடி தள்ளி நிற்பார்கள்.

1990 இந்த வழக்கை எங்கள் முற்றத்தில் கொண்டுவந்து வைத்தது. அந்த வருடம் ஓகஸ்ட் 15-இல் யூஜின் ஹெபர் என்ற இயேசு சபைக் குரு வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். லூசியானாவில் பிறந்து, 1948-இல் இங்கே வந்து, தலைமுறை தலைமுறையாகப் பொடியன்மாருக்குக் கூடைப்பந்து பழக்கியவர். அந்தப் பாதை செங்கலடி வழியாகத்தான் போகிறது. ஏறாவூர்ப் பக்கத்தில் அவரும் அவரோடு வந்த தமிழ் இளைஞரும் காணாமற்போனார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு, செப்டெம்பர் 5-இல், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களிலிருந்து 158 பேரை இராணுவம் கொண்டுபோயிற்று. அவர்கள் திரும்பி வரவில்லை. இவை பெயரும் திகதியும் உள்ளவை. பதியப்படாமல் போனவை எத்தனையோ.

காணாமற்போனவர்களுக்காக எப்படி ஜெபிப்பது? நித்திய இளைப்பாற்றி கேட்டால், பிள்ளையைக் கொன்றுவிட்டீர்களே என்று தாய் எழுந்து போவார். பத்திரமாகத் திருப்பித் தாரும் என்று முப்பது வருடத்துக்குப் பிறகும் கேட்டால், கேட்கிற வாயே கூசும். மகனைத் தொலைத்த ஒரு தாய், எங்கள் சபைக்காரர், ஒருமுறை என்னிடம் நேராகவே கேட்டார்: "மனே, செத்தவனுக்கு ஜெபிக்கப்படா எண்டு சொல்றீங்க. என்ர புள்ள செத்துப்போனான் எண்டு ஆரு உங்களுக்குச் சொன்ன?" பக்கத்தில் இருந்த கத்தோலிக்கத் தாய் சிரித்தார். சிரித்துவிட்டு, தன் மகனுக்கு இன்னும் பூசைக்குக் கொடுக்கவில்லை என்றார். கொடுத்தால் செத்துவிட்டான் என்று ஆகிவிடுமாம். ஒருவருடைய சபை ஜெபிக்காதே என்கிறது, மற்றவருடைய சபை ஜெபி என்கிறது. இருவரும் நின்ற இடம் ஒன்று.

அவர்களுக்காக எழுதிய வாக்கியம் இது: "எங்களுக்கு இடம் தெரியாத எங்கள் பிள்ளைகளின் இடம் உமக்குத் தெரியும் ஆண்டவரே. அவர்கள் மேலிருந்து உம்முடைய கையை எடுத்துவிடாதேயும்." உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று அதில் இல்லை. கத்தோலிக்கக் குரு ஆமென் சொன்னார். எங்கள் போதகரும் சொன்னார். கண்டிப்பான ஒரு பாஸ்டர் முதலில் பேசாமல் நின்று, கூட்டம் கலைந்த பிறகு வந்து, "ஐயா, இது மழுப்பல் இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மழுப்பல் என்பது தெரிந்ததை மறைப்பது. இங்கே எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் கடவுளிடம் சொல்லாமல் இருப்பது, என் கணக்கில், ஜெபத்தின் முதல் ஒழுக்கம். எனக்குத் தெரிந்த அளவில் சபைகளின் ஒற்றுமைக்கும் அதுதான் முதல் படி. ஐந்நூறு வருடமாகப் பெரிய படிப்பாளிகள் இரு கரையில் நின்று பேசிய விஷயத்தில், கடவுளுடைய கை எதுவரை எட்டும் என்பதற்கு யாரும் எல்லை போட முடியாது என்று எங்களை ஒத்துக்கொள்ள வைத்தவர்கள் படிக்காத இரண்டு தாய்மார். கத்தோலிக்கர் தங்கள் உத்தரிக்கிற தலத்தை விட்டுவிடவில்லை, நாங்கள் எங்கள் போதனையை விட்டுவிடவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்லிய பிறகு, மற்றவருக்கு விசுவாசம் இல்லை என்று முன்புபோல் இலகுவாகச் சொல்ல வாய் வரவில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, ஆலயங்களில் குண்டு வெடித்த நாள். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயமும் கத்தோலிக்க ஆலயங்கள். மட்டக்களப்பில் குண்டு வெடித்த சீயோன் தேவாலயம் சுயாதீனமான சுவிசேஷ சபை. அங்கே இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். குண்டுக்குச் சபை பேதம் தெரியாது என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள், நானும் கேட்டுத் தலையாட்டினேன். ஆனால் கொலைகாரன் கொண்டுவந்த ஒற்றுமையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பயம் தணிந்தால் அதுவும் தணிந்துவிடும். கொஞ்ச மாதத்தில் தணியவும் செய்தது. மனதில் நிற்பது அடுத்த ஞாயிறு. ஆலயங்கள் மூடிக் கிடந்த ஏப்ரல் 28-இல் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சி காட்டியது. மெதடிஸ்த வீட்டில் நாங்கள் குடும்பமாக இருந்து பார்த்தோம். மன்றாட்டு வந்த இடத்தில் என் மனைவி தன்னை அறியாமல் கத்தோலிக்கரின் பதிலுரையைச் சொன்னாள். செத்த வீடுகளில் கேட்டுக் கேட்டு வாயில் ஏறியிருந்திருக்கிறது.

அந்த வருடம் மன்றாட்டில் ஏறாவூர் முஸ்லிம் அயலவர்களின் பெயரைச் சேர்த்ததற்கு முணுமுணுப்பு எழுந்தது. எடுக்கச் சொன்னார்கள், எடுக்கவில்லை. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரே பஸ்ஸில் போகிறவர்களை ஜெபத்தில் மட்டும் இறக்கிவிட முடியாது.

ஒன்றைப் பூசி மெழுகக் கூடாது. நாங்கள் சேர்ந்து ஜெபிக்கிறோம், சேர்ந்து பந்தியில் அமர்வதில்லை. கத்தோலிக்கத் திருவிருந்தில் எனக்கு இடம் இல்லை. எங்கள் இராப்போசனத்துக்குக் கத்தோலிக்க நண்பர் வந்தால் பின்வரிசையில் அமர்ந்திருந்துவிட்டுப் போவார். புதுச் சபைகளில் எங்கள் குழந்தை ஞானஸ்நானத்தையே ஏற்காமல் மறுபடி தண்ணீரில் இறக்குகிறவர்கள் உண்டு. ஆட்களை இழுத்துக்கொள்ளும் கோபமும் எல்லாப் பக்கத்திலும் உண்டு. பொது ஜெபத்துக்கு வந்த குடும்பம் மறுமாதம் வேறு சபையில் நிற்பதைக் கண்டவர்கள், ஒன்றிப்பு என்ற பேச்சுக்கே முகம் சுளிக்கிறார்கள். இந்தப் புண்களை ஒரு வாரத்துப் பாட்டுகளால் மூட முடியாது. மூட முயன்ற கூட்டங்களில் பேச்சு இனிக்க இனிக்க எனக்கு அலுப்புத்தான் வந்தது.

ஆகவே கடைசியில் நான் பிடித்துக்கொண்ட பழக்கம் சின்னது. எங்கள் சொந்தச் சபையின் சாதாரண ஞாயிறு மன்றாட்டில், வெளியார் யாரும் இல்லாதபோது, அயல் சபை ஒன்றைப் பெயரோடு நினைப்பது. "எல்லாத் திருச்சபைகளுக்காகவும்" என்ற பொதுச் சொல்லை எழுதுவதில்லை. அது யாரையும் தொடாது. பங்குத்தந்தைக்குச் சீனி வருத்தம் கூடியிருக்கிறதா, அது வரும். பக்கத்து ஒழுங்கையில் கூடும் சபையின் தகரக் கூரையைக் காற்றுக் கொண்டுபோயிற்றா, அதுவும் வரும். உறுகாமக் குளம் வான் பாய்ந்தால் எந்தச் சபையின் வயல் முதலில் மூழ்கும் என்று விசாரித்து எழுத வேண்டும். விசாரிப்பதற்குப் போய்க் கதைக்க வேண்டும். கதைக்கப் போனால் தேத்தண்ணி தருவார்கள். இப்படித்தான் மன்றாட்டு எழுதுகிறவன் தன் எழுத்தினாலேயே வெளியே இழுத்துக்கொண்டு போகப்படுகிறான். தன்னைப் பற்றி ஆலயத்தில் நல்லபடியாகச் சொன்னார்கள் என்று கேள்விப்படுகிற குரு, அடுத்த முறை குத்தல் வைக்கும்போது சற்று யோசிப்பார். ஆனால் மாற்றம் அவரிடத்தில் தொடங்குவதில்லை. பெயரைச் சொல்கிறவர்களிடத்தில் தொடங்குகிறது. ஒரு மனிதருடைய நோயை ஞாயிறுதோறும் கடவுளிடம் சொல்லிக்கொண்டு, திங்கட்கிழமை அவரைக் கள்ளப் போதகர் என்று பேச நாக்கு எழும்பாது.

யோவான் சுவிசேஷத்தின் 17-ஆம் அதிகாரத்தை ஒற்றுமைக் கூட்டங்களில் எல்லாரும் வாசிப்பார்கள். அது சீஷருக்குக் கொடுத்த கட்டளை அல்ல என்பதைக் கவனிப்பவர் குறைவு. பாடுபடப் போகும் இரவில் இயேசு பிதாவிடம் கேட்ட ஜெபம் அது. அவர் ஒரு குழு அமைக்கச் சொல்லவில்லை, கேட்டார். இரண்டாயிரம் வருடமாக அந்த விண்ணப்பத்துக்கு முழுப் பதில் வரவில்லை. சபைகள் பிரிந்து நிற்கும்போது நாங்கள் தடுத்துக்கொண்டிருப்பது கர்த்தருடைய சொந்த ஜெபத்துக்கான பதிலை. அவருடைய மன்றாட்டுக்கு ஆமென் சொல்லாமல் நிற்கிறோம். இந்த நினைவு வந்த நாளிலிருந்து சபைப் பிரிவை நிர்வாகக் குறை என்று எண்ண எனக்கு முடியவில்லை.

போன வருடத்து ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். செப்டெம்பர் தொடக்கத்தில் ஆயித்தியமலை சதாசகாய மாதா திருவிழா. எங்கள் சந்தியால் சனம் நடந்து போகும். எங்களோடு சேர்ந்து ஜெபிக்க வரும் இளம் பாஸ்டர் ஒருவர், சுறுசுறுப்பான பிள்ளை, முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "ஐயா, பாதருக்குச் சுகம் கிடைக்க நான் ஜெபிப்பன். மாதா திருவிழாவுக்கு என்னால ஏலாது. என்ர மனச்சாட்சி விடாது." அவரை வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை.

"திருவிழாவுக்கு வேண்டாம் தம்பி. நடந்து போறவங்கட காலுக்கு ஜெபிக்கலாமா?"

யோசித்தார். "அது ஏலும்."

"இரவில வாற டிப்பர்காரன் தூங்காமல் இருக்க?"

"அதுவும் ஏலும் ஐயா."

"பாதையில குடிக்கத் தண்ணி?"

அந்த ஞாயிறு அவருடைய சபையில் காலுக்கும் டிப்பருக்கும் தண்ணிக்கும் மட்டுமே அரை மணி நேரம் போயிற்று என்று கேள்வி. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவருடைய சபைப் பொடியன்மார் இரண்டு பேர் பதுளை வீதி ஓரத்தில் ஒரு மேசையைப் போட்டு, போத்தல் தண்ணி அடுக்கிக்கொண்டு நின்றார்கள். பாஸ்டர் எதிர்ப்பக்கம் மோட்டார் சைக்கிளில் இருந்தபடி, கிட்ட வராமல், எத்தனை போத்தல் முடிந்தது என்று கையால் கேட்டுக்கொண்டிருந்தார்.